ரப்பர் தளிர்க்கும் முன்னே: தேனீக்களுக்குச் சிறு மலர்ப்பாத்தி அமைக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேன் பருவம் என்பது ரப்பர் தளிர்க்கும் பருவமாகும். மார்கழியிலும் தையிலும் இலையுதிர்த்து நிற்கும் ரப்பர் மரங்கள் மீண்டும் துளிர்த்து, செம்பு நிறத் தளிர்கள் வெளிர்பச்சையாக மாறும் நாட்களில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியத் தொடங்குகிறது. பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பிலிருந்து கிடைக்கும் இந்த மதுவைத்தான் குலசேகரம், அருமனை, களியல், கடையாலுமூடு, பேச்சிப்பாறை வட்டாரங்களில் வைக்கப்படும் அடுக்குத் தேனீ (இந்தியத் தேனீ) பெட்டிகள் மாசி, பங்குனி மாதங்களில் அள்ளிச் சேர்க்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்கு இந்த ரப்பர் மதுவே பெரும் ஆதாரம்.

ஆயினும் ரப்பர் மது கொடுக்கிறதே தவிர, தேனீக்களுக்குப் போதிய மகரந்தம் கொடுப்பதில்லை. மது, ஈக்கள் பறப்பதற்கான எரிபொருள். மகரந்தமோ புழுக்களை வளர்க்கும் புரதம். மகரந்த வரவு குறைந்தால் ராணி முட்டையிடுவதைக் குறைக்கிறது, பெட்டியின் கீழ்த்தளமான புழு அறையில் அடைகள் வெறிச்சோடுகின்றன, ரப்பரில் மது பெருகும் வேளையில் அதை எடுத்துவர ஈக்கள் இல்லாமல் பெட்டி பலவீனமாகக் கிடக்கிறது. ரப்பருக்கு நடுவே பெட்டி வைத்தும் மேல்தளமான தேன் அறை நிறையவில்லை என்று வருந்துவோர் பலர், பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அந்தப் பெட்டிக்கு என்ன உணவு கிடைத்தது என்பதைக் கவனிக்காமல் விட்டவர்களே. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிறு மலர்ப்பாத்திகள் தேவைப்படுகின்றன.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே காட்டோர நிலத்தில் ஓட்ஸ், குளோவர் போன்றவற்றைச் சிறு பாத்திகளில் விதைத்து மான்களை வரவழைக்கும் வழக்கம் இருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். மிளாவும் புள்ளிமானும் காட்டில் நிம்மதியாக மேய வேண்டியவை என்பதே என் உறுதியான எண்ணமும். ஆனால் பருவம் எப்போது வரும் என்பதை அறிந்து, அதிலிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணி, சிறிய இடத்தில் பொருத்தமான உணவை முன்கூட்டியே விதைத்து வைக்கும் அந்த முறை தேனீ வளர்ப்புக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த முறையைக் குமரி மாவட்டத்தின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப எப்படிச் செய்வது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

இந்த வேலையில் மிக முக்கியமானது நாள் கணக்கு. எந்தச் செடியை விதைப்பது என்பதைக் காட்டிலும் எந்த வாரத்தில் விதைப்பது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

அடுக்குத் தேனீயின் வேலைக்கார ஈ, முட்டையிடப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 20 நாட்களில் அடையிலுள்ள தன் சிற்றறையைத் திறந்து வெளியே வருகிறது. வந்தவுடன் அது மது தேடிப் பறப்பதில்லை. அறைகளைத் துப்புரவு செய்வது, புழுக்களுக்கு உணவூட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலைக் காப்பது என்று இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை பெட்டிக்குள்ளேயே வேலை செய்துவிட்டுத்தான் வெளியே செல்கிறது. ஆகவே, ஒரு முட்டை தேன் கொண்டுவரும் ஈயாக மாறுவதற்கு ஐந்து அல்லது ஆறு வாரங்கள் ஆகின்றன. உங்கள் வட்டாரத்தில் பிப்ரவரி முதல் வாரத்தில் ரப்பர் மது வரத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், அன்று பறக்கவேண்டிய ஈக்களுக்கான முட்டைகள் டிசம்பர் 20ஆம் தேதியை ஒட்டியே இடப்பட்டிருக்க வேண்டும். ராணி அப்போது தாராளமாக முட்டையிட வேண்டுமானால் அதற்கு இரண்டு வாரங்களாவது முன்பிருந்து மகரந்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வெளியே பறக்கத் தொடங்கிய ஈ சில வாரங்களே உயிர்வாழும் என்பதால், அதன் இடத்தை நிரப்பும் அடுத்த தலைமுறையும் தேவை. அதனால் மகரந்த வரவு ஜனவரி இறுதி வரை நீடிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பாத்தி கார்த்திகை நடுவிலிருந்து தை நடு வரை, அதாவது டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இறுதி வரை பூத்திருக்க வேண்டும் என்பது தெளிவாகும். பிப்ரவரி நடுவில் முதல் பூவைக் காட்டும் பாத்தி கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்த ஆண்டின் தேனுக்கு அது பெரிதாக உதவாது. எல்லாத் தோட்டங்களும் ஒரே நாளில் தளிர்ப்பதில்லை. ரப்பர் ரகம், மரத்தின் வயது, மலைச்சரிவின் திசை, மழை ஓய்ந்த நாள் ஆகியவற்றுக்கேற்பச் சில வாரங்கள் முன்னும் பின்னும் ஆகும். எனவே, உங்கள் பெட்டிகளைச் சுற்றியுள்ள மரங்கள் எந்த வாரத்தில் இலை உதிர்த்தன, எந்த வாரத்தில் தளிர் வெளிர்பச்சையாக மாறியது என்பதை ஒரு நோட்டில் ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்பைவிட நம்பகமான வழிகாட்டி வேறொன்று உங்களுக்குக் கிடைக்காது.

இடம் தேர்தல்

பெட்டியைச் சுற்றித் தென்னை எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை வெடித்து ஆண்டு முழுவதும் பூக்கும் மரம். ஒரு பாளையின் ஆண்பூக்கள் மூன்று வாரமளவு தொடர்ந்து விரிந்து மகரந்தம் தருகின்றன. கிள்ளியூர், கல்குளம் பகுதிகளில் தென்னையும் வாழையும் கமுகும் கலந்த விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவே பெட்டி வைத்திருப்பவருக்குப் பாத்தியின் தேவை குறைவு; ஓரிரு சென்ட் போதும். கீரிப்பாறை, ஆறுகாணி, பத்துகாணி போன்ற இடங்களில் எத்திசை நோக்கினும் ரப்பராகவே இருக்கும் சரிவுகளில் பெட்டி வைத்திருப்பவருக்குத்தான் பாத்தி உயிர்நாடியாகிறது.

கிராம்புத் தோட்டம் பக்கத்தில் இருப்பதாக மகிழ்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிராம்பு என்பதே விரியாத மொட்டு. மொட்டிலேயே பறித்துவிடுவதால் தேனீக்கு அங்கே எதுவும் எஞ்சுவதில்லை. தோவாளைப் பக்கத்துப் பிச்சியும் மல்லிகையும் அப்படியே. சந்தைக்குப் பறிக்கும் பூவும் தேனீக்கான பூவும் வேறு வேறு என்பதால், பூந்தோட்டம் அருகே இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் பாத்தியைக் கைவிட வேண்டாம்.

முதிர்ந்த ரப்பர் மரங்களின் அடியில் பாத்தி அமைப்பது வீண் உழைப்பு. எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும். பழைய மரங்களை வெட்டிப் புதுக்கன்று நட்ட தோட்டமே தலைசிறந்த இடம். கன்றுகளுக்கு மூன்று வயது ஆகும் வரை வரிசைகளுக்கிடையே வெயில் தாராளமாக விழுகிறது. தோட்டம் பிறருடையதாக இருந்தால் உரிமையாளரிடம் முறையாகக் கேட்டுச் செய்யுங்கள். பாத்தி இருக்கும் இடத்தில் களை குறையும், மழையில் மண் கரைந்தோடுவது குறையும் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். கன்றின் அடியிலிருந்து ஐந்தடி விலக்கிப் பாத்தி போடுவது இருவருக்கும் நல்லது. அத்தகைய இடம் கிடைக்காதவர்கள் குளக்கரை, வண்டிப்பாதையின் ஓரம், மரச்சீனி (மரவள்ளி) விளையின் விளிம்பு, வீட்டின் தெற்கு முற்றம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்திலேயே உணவு தேடுகிறது. மழைக்காலத்து இடைவெளிகளில் அதனினும் அருகிலேயே தேடுகிறது. ஆகவே பெட்டிகளிலிருந்து 200, 300 மீட்டருக்குள் பாத்தி இருப்பது நலம். பெட்டியின் வாசலுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம். களை எடுக்கவும் பூவைப் பார்வையிடவும் செல்லும் உங்களுக்கு அங்கே தொல்லை உண்டாகும்.

மண்ணைத் திருத்துதல்

ரப்பர் வட்டாரத்துச் செம்பொறை மண் பெரும்பாலும் புளிப்பு மண்ணாக இருக்கிறது. எள்ளும் சூரியகாந்தியும் அத்தகைய மண்ணில் மெலிந்து நிற்கும். விதைப்பதற்கு மூன்று வாரங்கள் முன்பாகவே சென்டுக்கு இரண்டு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். விதைக்கும் வாரத்தில் சென்டுக்கு 50 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, அடுப்புச் சாம்பல் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரியாவைத் தவிர்த்துவிடுவதே நல்லது. அது இலையைக் கொழுக்க வைத்துப் பூவைத் தாமதப்படுத்தும். நமக்கு இங்கே நாள் கணக்குத்தான் உயிர்.

பாத்தியின் வடிவத்தில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். இங்கே இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்கின்றன. நம் விதைப்பு விழுவது துலாமழையின் நடுவே. சமதளப் பாத்தியில் எள் விதைத்தால் ஒரே இரவு தேங்கிய தண்ணீரில் நாற்றுகள் அழுகிவிடும். ஒரு அடி உயரத்துக்கு மண் அணைத்து, நான்கடி அகலத்தில் மேட்டுப்பாத்திகள் அமைத்து, இடையே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, அந்த வாய்க்கால்களின் நீர் சரிவின் குறுக்காக மெல்ல வெளியேறும்படி செய்யுங்கள். சரிவு நேராகக் கீழிறங்கும் வாய்க்கால் மழையோடு சேர்த்து மேல்மண்ணையும் கொண்டுபோய்விடும்.

எதை விதைப்பது, எப்போது விதைப்பது

ஒரே செடியை ஐந்து சென்டில் விதைப்பதைக் காட்டிலும் மூன்று நான்கு செடிகளைப் பகிர்ந்து விதைப்பதே சரி. மக்காச்சோளத்தின் மகரந்தம் ஏராளமாகக் கொட்டும். ஆனால் அதன் புரதம் தரத்தில் குறைந்தது. சூரியகாந்தி மகரந்தமும் தனித்து நின்றால் புழுக்களுக்கு நிறைவான உணவாகாது. எள், கடுகு, தென்னை ஆகியவற்றோடு அவை கலந்து வரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. அதே வேளையில், ஒவ்வொரு செடியையும் தனித்தனிக் கட்டமாகவே விதையுங்கள். கலந்து தூவ வேண்டாம். தேனீ ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும் இயல்புடையது. சிதறிக் கிடக்கும் பத்துச் செடிகளைவிட நெருங்கி நிற்கும் பத்துச் செடிகளுக்கே அது திரும்பத் திரும்ப வரும்.

சூரியகாந்தி விதைத்த 55 முதல் 60 நாட்களில் பூக்கும். ஒரு தலை எட்டு முதல் பத்து நாட்கள் வரை, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றுச் சுற்றாக விரிந்து மகரந்தம் தரும். அதன் பிறகு அதில் தேனீக்கு எதுவும் இல்லை. ஆகையால் ஒரே நாளில் முழுவதையும் விதைப்பது இங்கே பெரும் பிழையாகிவிடும். புரட்டாசி மூன்றாவது வாரத்தில் ஒரு பங்கு, அதன் பின் இரு வாரத்துக்கு ஒரு பங்காக மேலும் இரண்டு என்று மூன்று முறையாக விதைத்தால் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பூ தொடரும். ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில் நட்டால் ஒரு சென்டில் ஏறத்தாழ 300 செடிகள் நிற்கும். சென்டுக்கு 30 கிராம் விதை போதும்.

எள்ளைத்தான் இந்தப் பாத்தியின் முதுகெலும்பாகக் கருதுகிறேன். விதைத்த 35 முதல் 40 நாட்களில் பூத்து, தண்டின் கீழிருந்து மேலாக மூன்று நான்கு வாரங்கள் இடைவிடாமல் பூத்துக்கொண்டே செல்வதோடு, மதுவையும் மகரந்தத்தையும் ஒருங்கே தருகிறது. இலையைக் கால்நடையும் காட்டு விலங்கும் அவ்வளவாக விரும்புவதில்லை. ஐப்பசி இரண்டாவது வாரத்தில், மழை ஓரிரு நாள் இடைவெளி விடும் சமயம் பார்த்து, சென்டுக்கு 20 கிராம் விதையை நான்கு மடங்கு மணலோடு கலந்து வரிசையாகத் தூவி மெல்லிய மண்ணால் மூடுங்கள். முளைத்த 15ஆம் நாளில் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். மனம் வராமல் நெருக்கமாக விட்டால் கிளையும் பூவும் குறையும். கார்த்திகை முதல் வாரத்தில் இரண்டாவது முறை விதைத்தால் அது டிசம்பர் கடைசியில் பூக்கத் தொடங்கி ஜனவரி முழுவதையும் நிரப்பும்.

மக்காச்சோளம் விதைத்த 50 முதல் 55 நாட்களில் கதிர்ப்பூ விடும். மகரந்தம் ஒரு வாரமளவே கொட்டும், அதுவும் காலை வேளையில்தான். இரண்டடிக்கு முக்காலடி இடைவெளியில், ஒரு சென்டை மூன்றாகப் பிரித்து, பத்து நாட்களுக்கு ஒரு முறையாக விதையுங்கள். கதிரை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், தட்டையை மாட்டுக்குப் போடலாம் என்பதால் இதை எதிர்க்கும் வீட்டார் இல்லை.

கடுகும் கொத்தமல்லியும் துலாமழை தணிந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் விதைக்க வேண்டியவை. கடுகு 40 நாட்களை ஒட்டியும் கொத்தமல்லி 45 முதல் 50 நாட்களிலும் பூத்து, சூரியகாந்தி ஓய்ந்த இடத்தை ஜனவரி இறுதியில் நிரப்பும். கடையில் சமையலுக்கு வாங்கும் கடுகே முளைக்கும். சென்டுக்கு 20 கிராம் போதும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். தழைக்காகப் பறித்துக்கொண்டே இருந்தால் பூ வராது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெள்ளரி, பூசணி போன்ற கொடிகள் இருந்தால் நல்லது. அவற்றுக்கென்று தனி முயற்சி தேவையில்லை. வாழை நட்டிருப்பவர்கள் காய் பிடித்து முடிந்ததும் எல்லாக் கூம்பையும் ஒடித்துவிடாமல், சிலவற்றை மார்கழி முடியும் வரை விட்டுவைத்தால் போதும். வாழைப்பூவில் மது வழியும்.

விதை வாங்கும்போது

கடைகளில் விற்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளம், சூரியகாந்தி விதைகளில் பல, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறச் சாயம் ஏற்றி, இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி பூசி வருகின்றன. அந்த நஞ்சு விதையிலிருந்து வேர் வழியாகச் செடி முழுவதும் பரவி, சிறிய அளவிலேனும் மதுவிலும் மகரந்தத்திலும் சேரக்கூடியது. தேனீக்காக விதைக்கும் பாத்தியில் அத்தகைய விதையைப் போடுவது முறையன்று. மருந்து பூசாத விதையா என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். உழவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் நாட்டு ரக விதை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் ஆண்டுக்குப் பிறகு உங்கள் பாத்தியிலிருந்தே எள், கடுகு, கொத்தமல்லி விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பாத்தியில் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்க வேண்டாம். எள்ளில் இலைகளைப் பின்னும் புழு வந்தால் கையால் கிள்ளி எடுத்து அழிப்பது சிறு பாத்தியில் எளிதே. பக்கத்து வாழைத் தோட்டத்திலோ காய்கறி விளையிலோ மருந்து அடிக்கும் நாளை அறிந்துகொள்வதும் அவசியம். அவர்களோடு நல்லுறவு வைத்துக்கொண்டு, மாலையில் ஈக்கள் அடங்கிய பின் தெளிக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். ரப்பர் தளிரில் விழும் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவும் தோட்டங்களிலும் இதே பேச்சு வேண்டும். அந்த நோய் முற்றினால் இளந்தளிர் உதிர்ந்து மதுவே இல்லாமல் போகும் என்பதால், தோட்டக்காரர் நோயைக் கட்டுப்படுத்துவது நமக்கும் நன்மைதான். எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதை மட்டுமே நாம் கேட்டறிய வேண்டும்.

காட்டோர விளைகளில்

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்தில் காட்டை ஒட்டி விளை வைத்திருப்பவர்கள் மக்காச்சோளத்தை விட்டுவிடுவது நல்லது. காட்டுப்பன்றியும் மிளாவும் குரங்கும் அதைத் தேடி வரும். வந்தவை மரச்சீனியையும் வாழையையும் சேர்த்தே அழிக்கும். விலங்கு வந்த பிறகு கண்ணியோ அனுமதியற்ற மின்வேலியோ வைக்கத் தோன்றும். அவை சட்டப்படி குற்றமாவதோடு, வழிதவறி வரும் மனிதரையும் கொல்லும். வரவழைக்கும் பயிரையே விதைக்காமல் விடுவது எளிய தீர்வு. அங்கே எள், கடுகு, துளசி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தேன் வாசனைக்குக் கரடி வரும் இடங்களில் பெட்டிகளை வீட்டுக்கு அருகே மாற்றி வைப்பதே தகும்.

பாத்தி பயன் தருகிறதா என்று அறிதல்

பூ நிறைந்திருக்கிறது என்பதால் மட்டும் மகரந்தம் பெட்டிக்குச் செல்கிறது என்று கொள்ள முடியாது. காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் பெட்டியின் பக்கவாட்டில் நின்று வாசலைப் பாருங்கள். உள்ளே நுழையும் ஈக்களில் கணிசமானவற்றின் பின்கால்களில் மகரந்த உருண்டைகள் இருக்க வேண்டும். சூரியகாந்தியினது செம்மஞ்சளாகவும் மக்காச்சோளத்தினது வெளிறிய மஞ்சளாகவும் இருப்பதால் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை புழு அறையைத் திறந்து, அடையில் முட்டை, புழு, மூடிய அறை ஆகிய மூன்றும் தொடர்ந்து இருக்கின்றனவா, அவற்றைச் சுற்றி வளையமாக மகரந்த அறைகள் நிறைந்துள்ளனவா என்று நோக்குங்கள். மகரந்த வளையம் மெலிந்தால் பாத்தியின் அளவு போதவில்லை அல்லது பூ தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டு விதைப்பு நாட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உணவு நன்றாகக் கிடைத்தால் கூட்டம் பெருகும். பெருகினால் பிரிந்து பறந்துபோகவும் முனையும். மார்கழியில் அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கினால் அதை நல்ல அறிகுறி என்று விட்டுவிடக் கூடாது. புதிய கூட்டம் வேண்டுமென்றால் அப்போதே முறையாகப் பிரித்து வேறு பெட்டியில் அமைத்துவிடுங்கள்; வேண்டாமென்றால் ராணி அறைகளை நீக்கி, புழு அறையில் இடம் கொடுத்து, பருவம் நெருங்கியதும் தேன் அறையை ஏற்றுங்கள். பாத்தியில் உழைத்து வளர்த்த கூட்டம் ரப்பர் தளிர்க்கும் வாரத்தில் பக்கத்து மலையில் போய் அடைவதைப் போல் வருத்தம் தருவது வேறில்லை.

தேன் அறை ஏற்றிய பிறகு சர்க்கரைப் பாகு கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட வேண்டும். அந்தப் பாகு தேன் அறையில் சேர்ந்தால் அது கலப்படமே. 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை அமைத்துப் பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஊக்குவித்த காலம் தொடங்கி, தலைமுறைகளின் உழைப்பால் சேர்ந்த நற்பெயர் இந்த மாவட்டத்துத் தேனுக்கு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய்லாந்து சாக்புரூட்’ வைரஸ் நோய் பரவிப் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தபோதும் எஞ்சியவற்றைக் கொண்டு இத்தொழிலை மீட்டெடுத்தார்கள். நன்றாக உணவு கிடைத்த, நெருக்கமாக ஈக்கள் மூடியிருக்கும் அடைகளைக் கொண்ட கூட்டம் நோயையும் மெழுகுப் பூச்சியையும் தாங்கும் என்பதால், பாத்திக்கு இந்தப் பயனும் உண்டு.

மழை மாதங்களுக்கான நிலைப்பாத்தி

ஆனியிலிருந்து புரட்டாசி வரை இடவப்பாதி மழையில் பெட்டிகள் வாடும். அப்போது எள்ளும் சூரியகாந்தியும் எடுபடா. அந்தக் காலத்துக்கு நிலையாக நிற்கும் செடிகள் வேண்டும். வேலியோரம் முழுவதும் துளசியை வரிசையாக நட்டு, பாதி வரிசையை ஒரு மாதமும் மறுபாதியை அடுத்த மாதமும் கவாத்து செய்துவந்தால் எப்போதும் ஒரு பாதி பூத்திருக்கும். இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் கொடிரோஜாவை (ஆன்டிகோனான்) அடுக்குத் தேனீ மிகவும் விரும்புகிறது. ஆனால் விட்டால் மரத்தையே மூடும் கொடியாதலால் பந்தலில் மட்டும் ஏற்றி, ஆண்டுக்கு இரு முறை வெட்டி அடக்க வேண்டும், காட்டோரத்தில் நடவே கூடாது. தொட்டாற்சிணுங்கியை முழுவதும் செதுக்கி எறியாமல், நடமாட்டமில்லாத ஓரங்களில் ஒரு பட்டை விட்டுவையுங்கள். மழைக்கிடையே வெயில் தலைகாட்டும் காலைகளில் அதன் மகரந்தத்தைத் தேடி ஈக்கள் மொய்க்கும். ஓரத்தில் இரண்டு மூன்று முருங்கையும் நட்டால் நன்று. விதையிலிருந்து வளர்க்கும் பி.கே.எம்.1 ரகம் முதல் ஆண்டிலேயே பூத்துவிடும்.

இந்த மாதங்களில் மழை தொடர்ந்து மூன்று நான்கு நாட்கள் நின்று பெய்தால், எவ்வளவு பூ இருந்தாலும் ஈக்களால் வெளியே போக முடியாது. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை மாலையில், சிந்தாமல், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்தால் மற்றப் பெட்டியின் ஈக்கள் கொள்ளையடிக்க வரும். மழை விட்டதும் பாகை நிறுத்திவிட்டு, துளசி வரிசையில் எந்தப் பாதி பூக்கும் தறுவாயில் இருக்கிறது என்று பார்த்து, மறுபாதியைக் கவாத்து செய்யத் தொடங்கலாம்.